ஒரு முக்கால் சுற்று

என் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் இரண்டு படி இறங்க வேண்டும். வாழ்நாளின் பெரும்பகுதியை அடுத்தவர் வீடுகளை ஜாக்கி வைத்து உயர்த்துவதில் கழித்த நான், போன மழையின்போது என் கூடத்தில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கக்கத்திலும் புத்தகக் கட்டுகள். காலடியில் தண்ணீர். மாடி வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னும் ஏறுமா சார்?" என்று அவரிடம் கேட்டேன். "நீங்கதானே சார் இந்த சப்ஜெக்ட்ல எக்ஸ்பர்ட்?" என்றார்.

உண்மைதான். சென்னையில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டுச் சாலையை உயர்த்திக்கொண்டே போவார்கள், அதனால் ஒவ்வொரு வீடும் நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்தில் இறங்கும் என்பதை வாடிக்கையாளர்களுக்குப் படம் போட்டு விளக்கியே சம்பளம் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவன் மந்தைவெளியில் தரைத்தளத்தில் ஒரு பிளாட் வாங்கினேன். படி ஏற வேண்டாமே என்று சந்தோஷப்பட்டு வாங்கினேன். ஏற வேண்டாம்தான். முழுக் கட்டடத்தையும் உயர்த்த மற்ற வீட்டுக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். அவர்கள் ஏற்கெனவே உயரத்தில் இருக்கிறார்கள். அதற்கு மேல் உயரும் ஆசை அவர்களுக்கு இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நான் வேலை பார்த்த நிறுவனத்துப் புது இன்ஜினியர்கள். இப்போது எல்லா ஜாக்கியையும் ஒரு பெட்டியோடு இணைத்துவிட்டார்கள். ஒருவர் பொத்தானை அழுத்துகிறார், வீடு ஏறுகிறது. யாரும் வாய் திறப்பதில்லை. பாதுகாப்புக் குறிப்பு எழுத என்னிடம் கருத்துக் கேட்டார்கள். "சைட்ல பெரிய ஆபத்து எது சார்?" என்றாள் ஒரு பெண். "தமிழ்" என்றேன். வயசாகிவிட்டது பாவம் என்பது போலப் பார்த்தாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் படித்தது இலக்கியம். அது தரும் வேலைகள் எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன். முதலாளி பல்பீர்ஜி வடக்கேயிருந்து வந்தவர். தமிழை அவர் தம் ஆட்களிடம், அதாவது கூவம் ஓரத்திலும் அடையாறு ஓரத்திலும் பிறந்து வளர்ந்தவர்களிடம் கற்றிருந்தார். அதனால் ஒரு சிக்கல் வந்தது. மயிலாப்பூரில் ஓர் அம்மாள் அவரிடம், "மழை பெஞ்சா போறும், ஆத்துல தண்ணி வந்துடறது" என்று முறையிட்டிருக்கிறார். பல்பீர்ஜி பணிவாக, "ஆத்துல தண்ணி வந்தா நல்லதுதான மேடம்? இன்னாத்துக்கு அழுவற?" என்று கேட்டிருக்கிறார். அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. மறுவாரம் என்னை வேலைக்கு வைத்தார். என் பதவி சூப்பர்வைசர். நான் செய்தது மொழிபெயர்ப்பு.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மண் தோண்டுவதைப் பார்த்தேன், பயந்தேன், பழகினேன்.

வேலை இப்படி நடக்கும். முதலில் சுவரோரமாக அஸ்திவாரம் தெரியும்வரை தோண்டுவோம். அடிச்சுவரில் ஒரு முழம் இடித்து, இரும்புச் சட்டம் செருகி, அதன் கீழே ஒரு ஜாக்கி. லாரிக்கு டயர் மாற்ற வைக்கும் அதே திருகு ஜாக்கிதான். பிறகு கொஞ்சம் தள்ளி இன்னொரு முழம், இன்னொரு ஜாக்கி. அவசரப்பட்டுத் தொடர்ந்து இடித்தால் வீடு நம்மைக் கேட்காமல் முடிவெடுத்துவிடும். எல்லாச் சுவருக்கும் கீழே ஜாக்கி வரிசை வந்ததும், வீடு பூமியை விட்டுவிட்டு எங்கள் இரும்பின் மேல் நிற்கும். அப்புறம் ஆளுக்கு நாலைந்து ஜாக்கி. நடுவில் ஒருவர் நின்று குரல் கொடுப்பார்: "கால்!" ஒவ்வொருவரும் தம் ஜாக்கிகளை வரிசையாக ஒவ்வொரு கால் சுற்று திருகுவார்கள். நிற்பார்கள். மூலைக்கு மூலை டியூபில் தண்ணீர் மட்டம் பார்ப்போம். மறுபடி, "கால்!"

பல்பீர்ஜி தம் ஊரில் இதற்கு 'பாவ்' என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அங்கே அதற்குக் கால்பங்கு என்று பொருள். பாதத்துக்கும் கிட்டத்தட்ட அதே சொல்தானாம். இங்கே வந்து அதைக் 'கால்' என்று ஆக்கிக்கொண்டார். மொழிபெயர்ப்பில் எதையாவது தொலைத்தாக வேண்டும் என்று படித்திருந்த எனக்கு, ஆபத்துகூடத் தொலையாமல் வந்து சேர்ந்த சொல் இது ஒன்றுதான் என்று பின்னால் தெரிந்தது.

அவர் எந்த வீட்டுக்குள்ளும் செருப்போடு நுழைந்து நான் பார்த்ததில்லை. கதவு இல்லாத வீடானாலும் வாசலில் கழற்றுவார். சுவரைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பது போல. சைட்டில் யாரும் 'தூக்கு' என்று சொல்லக் கூடாது, 'ஏத்து' என்றுதான் சொல்ல வேண்டும். "வூட்டுக்கார அம்மா கேட்டுகினு கீது. தூக்குன்னா இன்னா நெனைக்கும்?" என்பார். இத்தனை சொற்களைப் பற்றி யோசித்தவர் 'கால்' என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றி யோசிக்கவில்லை. இலக்கியம் படித்த நானும் யோசிக்கவில்லை.

ஜெயலக்ஷ்மி டீச்சரின் வீடு எங்களிடம் வந்தது அப்போதுதான். மந்தைவெளியில், என் பிளாட்டுக்கு நாலு தெரு தள்ளி. டீச்சர் தனியாக இருந்தார். வீணை சொல்லிக்கொடுப்பவர். அறுபதைத் தாண்டியவர். வீடு அவர் பேரிலும் அவருடைய அண்ணன் பேரிலும் இருந்தது. அண்ணன் ரங்கராஜன் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பெசன்ட் நகரில் லிஃப்ட் வைத்த பிளாட்டில் இருப்பவர். இடித்துவிட்டு பில்டரிடம் கொடுக்கலாம் என்பது அவர் கட்சி.

முதல் நாளே இருவரும் எங்கள் முன்னிலையில் மோதினார்கள்.

"நாலு பக்கமும் பாரு ஜெயா. எல்லாம் பிளாட். மழை பெஞ்சா எல்லார் தண்ணியும் ஒன் ஆத்துக்குத்தான் வரது. ராத்திரி ஒனக்கு ஒண்ணுன்னா கூப்பிட்ட குரலுக்கு யார் இருக்கா? பிளாட்னா வாட்ச்மேன், ஜெனரேட்டர், லிஃப்ட்."

"எனக்கு நடக்கறதுக்கு லிஃப்ட் எதுக்குண்ணா? கொழந்தேள் ஸ்கூல் விட்டு நேரா நடந்து வரதுகள். ரெண்டு வருஷம் எங்கயாவது கொட்டிவாக்கத்துல வாடகைக்கு இருந்துட்டு வான்னா, திரும்பி வரச்சே யார் வருவா?"

"அந்தக் கொழந்தேளெல்லாம் எங்க இருக்கு? பிளாட்லதானே இருக்கு? பிளாட் வந்ததனாலதானே ஒனக்கு இத்தனை ஸ்டூடண்ட்ஸ்?"

அது உண்மைதான். பழைய குடும்பங்கள் போன இடத்தில் வந்த புது அடுக்குகளில்தான் வீணைக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். காய்கறி வாசலுக்கே வருகிறது, ரத்தப் பரிசோதனைக்கு ஆள் வீட்டுக்கே வருகிறார், தெருவுக்குள் இரண்டு நல்ல காபிக் கடைகள். பதிலுக்கு, காலையில் வாசலில் யாரையும் தெரியாது, நாள் முழுக்க எங்காவது ஒரு டிரில் ஓடிக்கொண்டே இருக்கும், மழை வந்தால் தெருவே உங்கள் கூடத்துக்குக் குடிவரும். இந்தப் பேட்டையை மாறாமல் இரு என்று சொல்லவும் மனம் வராது, மாறு என்று சொல்லவும் வராது. நானும் இங்கேதான் இருக்கிறேன். எனக்கு நல்ல காபியும் வேண்டும், காய்ந்த கூடமும் வேண்டும்.

கடைசியில் டீச்சர் சொன்னார். "வீட்டை ஏத்தறேன். இத்துனூண்டு விரிசல் விழுந்தாலும் சரி, மறுநாளே பில்டர் பேப்பர்ல கையெழுத்துப் போடறேன். விழலைன்னா நீ இனிமே இந்தப் பேச்சை எடுக்கப்படாது."

"சத்தியமா?"

"நான் சொன்னா சொன்னதுதான்."

ரங்கராஜன் என்னைப் பார்த்தார். "நூறு டன் வீட்டை லாரி ஜாக்கி வெச்சுத் தூக்கறேங்கறேள். விரிசல் விழாதா சார்?" பல்பீர்ஜி அவசரமாக, "ஏத்தறது சார், ஏத்தறது" என்று திருத்தினார்.

வேலை தொடங்கியது. டீச்சர் பகலில் எதிர் பிளாட்டில் ஒரு மாணவி வீட்டில் இருந்தார். வீணைகளும் அங்கே போயின. எங்கள் ஆட்களில் ஏழுமலை என்று ஒருவர். நல்ல கைக்காரர். முன்பு அடையாற்றங்கரையில் இருந்தவர், இப்போது ஊருக்கு வெளியே அடுக்குமாடியில். மண்ணைத் தோண்டிக்கொண்டே ஒரு நாள் கேட்டார்:

"இன்னா சார் இந்த அம்மா? லிப்டு வெச்ச வூடு குடுக்கறான்னு சொல்றாங்கோ, வாணாம்னு கீது. எங்க வூட்டுக்கு எவன் சார் ஜாக்கி வெச்சான்? சாமானெல்லாம் லாரில போட்டு அந்தாண்ட கொண்டாந்து எறக்கிட்டான்."

"அங்கே எப்படி இருக்கிறது?"

"எட்டாவது மாடி சார். வெள்ளம் வராது. ஆத்தாண்ட இருந்தப்ப வருசா வருசம் வரும். இப்ப வர்றதே இல்ல." மண்வெட்டியை ஊன்றி நின்று யோசித்தார். "பஸ்ஸும் வர்றதில்ல."

வீடு ஏறும் நாள் வந்தது. பல்பீர்ஜிக்குத் தொண்டை கட்டியிருந்ததால் குரல் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. கூடத்தின் நடுவில் நின்றேன். டீச்சர் வாசல் கேட்டருகே கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். ரங்கராஜன் முன் வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஆடிட் செய்ய வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்கு டிரில் ஓடிக்கொண்டிருந்தது.

"கால்!" என்றேன். திருகினார்கள். ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. "கால்!" பிறகும் தெரியவில்லை. எப்போதும் அப்படித்தான். எங்கோ ஒரு கணத்தில், சுவருக்கும் பூமிக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் புகும். அன்றும் புகுந்தது. அதற்கு முன் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதெல்லாம் புதுசாகத்தான் இருக்கும். மேலே ஒரு முழு வீடு, சமையலறைப் பலகையில் அடுக்கிய டம்ளர்கள் கிணுங்காமல், சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க, பூமியை விட்டு எழும்புகிறது. ஒரு பூனை ஒரு பக்கச் சுவருக்கடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வெளிச்சம் விரலளவு ஆயிற்று, பிறகு கையளவு.

ரங்கராஜனுக்கும் ஆர்வம் தாங்கவில்லை போலிருக்கிறது. எழுந்து உள்ளே வந்தார். வாசற்படி ஓரம் நீட்டிக்கொண்டிருந்த ஜாக்கியின் இரும்பில் கட்டைவிரலை முழு வேகத்தில் மோதிக்கொண்டார்.

"ஐயோ, கால்! கால்! கால்!"

வங்கிக் கிளையையே எழுந்து நிற்கவைத்த குரல் அது. என் குரலைவிட அதில் அதிகாரம் அதிகம். முன்கட்டில் இருந்த அத்தனை பேரும் ஒரு கேள்வி கேட்காமல் மூன்று முறை திருகினார்கள். பின்கட்டில் இருந்தவர்களுக்கு டிரில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டின் முன்பாதி முக்கால் சுற்று ஏறியது. பின்பாதி ஏறவில்லை. நடுவில் கூடத்தில் நான்.

சுவர்கள் ஒரு முனகல் முனகின. பெரிய சத்தம் இல்லை; தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது போல. தலைமேல் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. பல்பீர்ஜி இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு கட்டிய தொண்டையால், "எவனும் ஆடாத! அப்பிடியே நில்லு!" என்றார். ரங்கராஜனைக்கூட. அவர் ஒற்றைக் காலில் நின்றார்.

ஏறிய பக்கத்தை இறக்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பல்பீர்ஜி இறக்க மாட்டார். இறங்கும் வீடு எந்த மூலை வழியாக இறங்கும் என்று சொல்ல முடியாது. புறங்கையால் கூடத்துச் சுவரைத் தொட்டார். நிலைப்படியைத் தொட்டார். பிறகு பின்கட்டுக்குப் போய், டிரில் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு ஆளின் தோளையும் தொட்டு, காதருகே குனிந்து, காலில் பாதியாகச் சொன்னார்: "அரைக்கால்." எல்லோரிடமும் சொல்லி முடித்து, நின்று, சுவரைக் கேட்டார். ஆமாம், கேட்டார், காதை வைத்து. மறுபடி முதல் ஆளிடமிருந்து, "அரைக்கால்." அப்படி ஆறு தடவை சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் வீடு ஒரு பெருமூச்சு விட்டது. நான் டியூபைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், முன்பக்கத் தண்ணீரும் பின்பக்கத் தண்ணீரும் ஒரே கோட்டில் வந்து நின்றன. வாழ்நாளில் அவ்வளவு அழகான தண்ணீரை நான் பார்த்ததில்லை.

ஏழுமலைதான் முதலில் வாய் திறந்தார். "யார்ரா அது நடுவுல கால் குட்த்தது?" எல்லோரும் ரங்கராஜனைப் பார்த்தார்கள். "இன்னா சார், வூட்ட ஏத்தவே கூடாதுன்ன, நீயே வந்து ஏத்திட்ட!" சிரிப்பு வெடித்தது. பயம் கலைந்த சிரிப்பு, நிற்க நேரம் ஆயிற்று.

சிரிப்பு நின்றபோது டீச்சர் கூடத்துக்குள் வந்திருந்தார். நேராகப் பின்கட்டுக்குப் போகும் கதவின் மேல்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மயிரிழையாக ஒரு கோடு, மூலையில் தொடங்கிச் சாய்வாக மேலே ஓடியது. புதுசு. ஓரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகப் பெயர்ந்திருந்தது.

"இதால வூட்டுக்கு ஒண்ணும் ஆவாது மேடம்" என்றார் பல்பீர்ஜி. "மேல் பூச்சுதான். நாளைக்குப் பூசிட்டா தெரியாது."

"தெரியறதோ இல்லையோ, விழுந்துடுத்து" என்றார் டீச்சர். குரலில் நடுக்கமே இல்லை. "அண்ணா, பேப்பரை நாளைக்கு எடுத்துண்டு வா."

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, அவர் கத்தினதாலதான் விழுந்தது. இது கணக்கில் வராது."

"யார் கத்தினா விழலாம், யார் கத்தினா விழப்படாதுன்னு நான் சொல்லலையே. 'விரிசல் விழுந்தாலும் சரி'ன்னுதான் சொன்னேன்."

எங்கள் ஆட்கள் எல்லோரும் ஜாக்கி திருகும் ராடைக் கீழே வைத்துவிட்டார்கள். பக்கத்து டிரில்கூட நின்றிருந்தது. ரங்கராஜன் நொண்டிக்கொண்டு அந்தக் கதவடிக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கையை உயர்த்திச் சுவரை மெல்லத் தடவினார். அவர் கேட்டதெல்லாம் அந்தக் கோட்டில் இருந்தது: லிஃப்ட், ஜெனரேட்டர், தங்கை பத்திரமாக இருக்கிறாள் என்ற நிம்மதி.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே ஜெயா" என்றார்.

"அண்ணா..."

"விரிசல் எதுவும் இல்லை. நீ சொன்னபடி ஏத்திட்டே. நான் இனிமே பேசமாட்டேன்." திரும்பி எங்களைப் பார்த்து, "ஆகட்டும், வேலையைப் பாருங்கோ. யாராவது இந்தக் கட்டைவிரலுக்கு ஐஸ் வாங்கிண்டு வாங்கோ" என்றார்.

பல்பீர்ஜி வாசலுக்குப் போய்த் தமக்குத்தாமே தலையாட்டிக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்து எதிர் பிளாட்டின் காம்பவுண்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். வீடு எழும்புவதைப் பார்த்து வியந்து பழகிய எனக்கு, ஒரு மனிதர் தம் கட்சியைத் தாமே கீழே வைத்ததைப் பார்த்து எப்படி வியப்பதென்று தெரியவில்லை. கண்ணெதிரே இருக்கும் கோட்டை இல்லை என்று சொல்ல எவ்வளவு பலம் வேண்டும்! அத்தனை ஜாக்கிகளுக்கும் அது கிடையாது.

அந்த வீட்டோடு 'கால்' ஒழிந்தது. பல்பீர்ஜி பழைய 'பாவ்'வுக்குத் திரும்பிப் பார்த்தார், தி. நகரில் ஒரு சைட்டில் குரல் கொடுத்தபோது இரண்டு பேர் பாவ் பாஜி ப்ளேட் எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். அப்புறம் மணி வாங்கினோம். இப்போது பொத்தான் வந்துவிட்டது. நல்லதுதான். பொத்தானுக்குக் கட்டைவிரல் அடிபடாது.

ரங்கராஜனின் கதையை நான் கல்யாணங்களில், ரயில் பயணங்களில், ஓய்வு பெற்ற நாளன்று எனக்கு மாலை போட்ட மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனபோது டீச்சர் வாசலில் நின்றிருந்தார். தெரு மறுபடி உயர்ந்திருக்கிறது. ஆனாலும் அவர் வீட்டுக்கு இன்னும் ஒரு படி ஏறித்தான் போக வேண்டும். உள்ளே இரண்டு பிள்ளைகள் ஒரே வரியைத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னை உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். பெசன்ட் நகர் அண்ணன் சௌக்கியமா என்று கேட்டுவிட்டு, இத்தனை வருடமாக மனசில் இருந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கு அவர் செஞ்சது சாதாரணம் இல்லை அம்மா. அவ்வளவு பக்கத்தில் நின்னு பார்த்துட்டு, உங்களுக்காக, 'விரிசல் தெரியலை'ன்னு சொன்னாரே!"

டீச்சர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

"விரிசலா? ரெண்டு கண்ணுலயும் புரை முத்திக் கெடந்தது சார். ஆபரேஷனுக்கு பயந்துண்டு யார்கிட்டயும் சொல்லாம வெச்சிருந்தான். அன்னிக்கு அண்ணாவுக்குச் சுவரே தெரிஞ்சிருக்காது."